பழக் கிரிஸ்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக் செய்யப் பயப்படுகிறவர்கள்கூடத் தைரியமாக இறங்கக்கூடிய இனிப்பு இது. முட்டை அடிக்க வேண்டாம், மாவு பொங்குமா பொங்காதா என்ற கவலையும் இல்லை. ஆனாலும் பலருக்கு அடியில் தண்ணீர், மேலே நமத்துப்போன மாவு என்றுதான் முதல் தடவை வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. பத்துக்கு எட்டுத் தடவை காரணம் ஒன்றே: ஓவனிலிருந்து சீக்கிரம் எடுத்துவிடுகிறோம்.

கிரிஸ்ப் என்றால் சரியாக என்ன? கிரம்பிளும் காப்ளரும் வேறா?

அடியில் நறுக்கிய பழம், மேலே வெண்ணெயில் பிசிறிய மாவு. அவ்வளவுதான். பழம் தன் சாற்றிலேயே வெந்து குழையும்; மேலே உள்ள மாவு சிவந்து மொறுமொறுப்பாகும். அந்த மாவில் ஓட்ஸ் இருந்தால் கிரிஸ்ப், இல்லாவிட்டால் கிரம்பிள் என்று அமெரிக்காவில் பிரித்துச் சொல்வார்கள். பிரிட்டனில் ஓட்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிரம்பிள்தான். அங்கே போய் கிரிஸ்ப் கேட்டால் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைத்தான் நீட்டுவார்கள். காப்ளர் கொஞ்சம் தூரத்து உறவு. அதில் பழத்தின் மேல் உதிரி மாவு இருக்காது. மெத்தென்று உப்பி வரும் மாவைக் கரண்டி கரண்டியாக வைத்து வேகவிடுவார்கள்.

பெரிய பழைய வரலாறு எதுவும் இதற்கு இல்லை. ஆப்பிள் கிரிஸ்ப் குறிப்பு அமெரிக்காவில் அச்சில் வந்தது 1924-ல். இரண்டாம் உலகப் போர்க்கால ரேஷனில் பிரிட்டனில் கிரம்பிள் பரவலானதற்குக் காரணமும் எளிது: பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ (pie) செய்வதற்கு வேண்டிய அளவு மாவும் கொழுப்பும் இதற்குத் தேவையில்லை.

அடிப்படை அளவு சொல்லுங்கள்.

23 செ.மீ. சதுரப் பாத்திரத்துக்கு, ஆறு முதல் எட்டுப் பேருக்கு:

பழத்துக்கு: ஆப்பிள் 1 கிலோ (நடுத்தர அளவில் ஆறு), சர்க்கரை 50 முதல் 70 கிராம், கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், பட்டைத் தூள் 1 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

மேல் மாவுக்கு: மைதா 100 கிராம், ரோல்டு ஓட்ஸ் (தட்டையாக அழுத்திய முழு ஓட்ஸ்) 90 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், உப்பு கால் டீஸ்பூன்.

பழத்தோடு மற்றதைப் புரட்டிப் பாத்திரத்தில் போடுங்கள். மாவு, ஓட்ஸ், சர்க்கரை, உப்பு நான்கையும் கலந்து, குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாகப் போட்டு விரல் நுனியால் பிசிறுங்கள். சில இடத்தில் மணல் போலவும் சில இடத்தில் கொண்டைக்கடலை அளவுக் கட்டியாகவும் இருந்தால் பதம் சரி. பழத்தின் மேல் தூவி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கார்ன்ஃப்ளார் என்று சொல்வது வெள்ளை வெளேரென்று இருக்கும் ஸ்டார்ச்சை. மஞ்சள் நிற மக்காச்சோள மாவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘கெட்டியாகவே இல்லை, வாயில் நறநறவென்கிறது’ என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

எந்தப் பழம் நன்றாக வரும்?

கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் உறுதியும் உள்ள எதுவும். மேலே உள்ள மாவு முழுக்க இனிப்பும் வெண்ணெயும் என்பதால், கீழே புளிப்பு இல்லையென்றால் மூன்றாவது கரண்டியிலேயே திகட்டிவிடும்.

ஆப்பிளில் கிரானி ஸ்மித் வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். மக்கின்டாஷ் கூழாகும். பிராம்லி நல்ல புளிப்பு, ஆனால் அதுவும் கரைந்துவிடும். சிலருக்கு அந்தக் கூழ்தான் பிடிக்கும், அதில் தவறில்லை. ரெட் டெலிஷியஸ் பார்க்க அழகு, ஆனால் வெந்தால் மாவு மாவாக இருக்கும், அதை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் புளிப்பு ரகம் ஒன்று, இனிப்பு ரகம் ஒன்று என்று பாதிப் பாதி போடுவேன். ஒன்று கரைந்து குழம்பாக, இன்னொன்று துண்டாக நிற்கும்.

பேரிக்காய் என்றால் பழுக்கத் தொடங்கிய பதத்தில், காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக அமுங்கும்போது எடுங்கள். பீச், பிளம், செர்ரி, புளூபெர்ரி எல்லாம் அருமையாக வரும், ஆனால் தண்ணீர் அதிகம் விடும். அதற்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். மாம்பழம் போடலாம். சற்றுக் கெட்டியாக இருக்கும்போதே போட்டு, எலுமிச்சைச் சாற்றை இரண்டு மடங்காக்குங்கள். அன்னாசியும் சரிதான், சின்னத் துண்டாக நறுக்கி வடியவிட்டுப் போட்டால்.

வேண்டாம் என்று சொல்வது: தர்பூசணி, ஆரஞ்சு, தனி வாழைப்பழம். முதல் இரண்டும் வெறும் தண்ணீர், வாழைப்பழம் களியாகிவிடும்.

தோல் சீவ வேண்டுமா?

ஆப்பிள், பேரிக்காய்க்கு உங்கள் இஷ்டம். சீவாமல் போட்டால் வெந்த தோல் பல்லில் சுருண்டு சிக்கும்; எனக்கு அது பிடிக்காது, அதனால் சீவிவிடுவேன். பிளம்மின் தோலை எடுக்கவே எடுக்காதீர்கள், அந்தச் சிவப்பு நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. பீச்சுக்கு அடியில் கத்தியால் பெருக்கல் குறி போட்டு, கொதிக்கும் தண்ணீரில் 30 முதல் 60 விநாடி வைத்து, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும்.

எவ்வளவு தடிமனாக நறுக்குவது?

ஆப்பிள் என்றால் 6 முதல் 8 மில்லிமீட்டர். மெல்லிய வில்லைகளாகப் போட்டால் கூழாகும், கனமாகப் போட்டால் மேலே கருகும்வரை உள்ளே வேகாது. ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம்.

நறுக்கிய ஆப்பிள் கறுத்துவிடுகிறதே?

காற்று பட்டதும் ஆப்பிளில் உள்ள ஒரு நொதி செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதைத் தடுத்துவிடும். கறுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை; பட்டைத் தூளும் சர்க்கரையும் சேர்ந்து வெந்தபின் யாருக்கும் தெரியாது.

அடியில் சாறு தண்ணீராகவே நிற்கிறது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், காரணமும் ஒன்றல்ல.

முதலில், ஸ்டார்ச் போதவில்லையா என்று பாருங்கள். ஆப்பிளுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போதும், ஏனென்றால் சாற்றைக் கெட்டியாக்கும் பெக்டின் ஆப்பிளிலேயே நிறைய. அதே அளவை ஒரு கிலோ பெர்ரிக்குப் போட்டால் சூப்தான் கிடைக்கும். பெர்ரி, செர்ரி, நன்றாகப் பழுத்த பீச் இவற்றுக்கு இரண்டரை முதல் மூன்று டேபிள்ஸ்பூன் வேண்டும். கார்ன்ஃப்ளாருக்குப் பதில் மைதா போடுவதானால் இரண்டு மடங்கு போட வேண்டும், சாறும் கலங்கலாகத் தெரியும். மரவள்ளி ஸ்டார்ச் போட்டால் சாறு கண்ணாடி போலப் பளபளக்கும். பெர்ரிக்கு என் முதல் தேர்வு அதுதான்.

ஸ்டார்ச் சரியாக இருந்தும் கெட்டியாகவில்லை என்றால், அது கொதிக்கவே இல்லை என்று அர்த்தம். கார்ன்ஃப்ளார் முழுதாகக் கெட்டிப்பட ஏறத்தாழ 95 டிகிரி வேண்டும். ஓவன் 190-ல் இருக்கலாம், பாத்திரத்தின் நடுவில் பழம் 80-ல் இருக்கலாம். அந்த நிலையில் எடுத்தால் சாறு வெள்ளையாகக் கலங்கி, பச்சை மாவு வாடை அடிக்கும்.

இன்னொன்று, சூடாகவே பரிமாறிவிடுவது. ஸ்டார்ச் ஆற ஆறத்தான் இறுகும். ஓவனிலிருந்து எடுத்ததும் சாறு நீர்த்துத் தெரிவது இயல்பு. 20 நிமிடம் தொடாமல் வையுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு நாக்கு சுடும் என்பது வேறு விஷயம்.

மிகவும் சாறுள்ள பழத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சர்க்கரையில் புரட்டி அரை மணி நேரம் வைத்தால் பழம் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை மட்டும் வடித்து, சின்ன வாணலியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்துத் திரும்பப் பழத்தில் ஊற்றி, அப்புறம் ஸ்டார்ச் கலந்து ஓவனில் வையுங்கள். பாத்திரம் ஒன்று கூடுதலாகக் கழுவ வேண்டும், ஆனால் சுவை இரண்டு மடங்காகும்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? மேலே பொன்னிறமானால் போதாதா?

போதாது. நான் ஏமாந்தது இங்கேதான். முதல் தடவை 30 நிமிடத்திலேயே மேலே அழகாகச் சிவந்துவிட்டது, எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். கரண்டி விட்டுப் பார்த்தால் ஆப்பிள் கறுக் கறுக்கென்றது. ஓட்ஸ் தூவிய சாலட் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், கொதியைப் பாருங்கள். ஓரத்தில் சாறு கொப்புளிப்பது சீக்கிரமே ஆரம்பித்துவிடும், அது கணக்கில்லை. நடுவிலும் மாவின் இடுக்குகள் வழியாகச் சாறு மேலே வந்து கொப்புளிக்க வேண்டும். கொப்புளமும் சடசடவென்று வெடிக்காமல், பாகு போல மெதுவாக எழுந்து அமர வேண்டும். அந்த நிலையிலிருந்து ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மெல்லிய கத்தியை நடுவில் இறக்கினால் ஆப்பிளுக்குள் தடையில்லாமல் போக வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 95-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

அதற்குள் மேலே கருகப் பார்த்தால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடுங்கள். ஓரங்களை மடித்து இறுக்கக் கூடாது, ஆவி வெளியேற வேண்டும்.

மேல் மாவு மொறுமொறுப்பாக வரவில்லை, சொதசொதவென்று இருக்கிறது.

மாவின் எதிரி ஆவிதான். கீழே ஒரு கிலோ பழம் கொதித்து ஆவி விட்டுக்கொண்டே இருக்கிறது. அது மாவைத் தாண்டி வெளியேற வேண்டும். மாவைக் கையால் அழுத்திப் பரப்பினால் வழி அடைபட்டுவிடும். தூவுங்கள், அழுத்தாதீர்கள். ஆழமான குறுகிய பாத்திரத்தைவிட அகலமான பாத்திரம் நல்லதாக இருப்பதும் இதனால்தான்.

மாவு தடித்த போர்வையாக இருந்தாலும் மேல்புறம் மட்டும் சிவந்து, பழத்தைத் தொடும் பக்கம் பச்சை மாவாகவே இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

கடைசித் தவறு, வெந்தபின் மூடி போடுவது. சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் திரும்ப மாவில்தான் சொட்டும்.

இவ்வளவும் செய்தும் திருப்தி இல்லையா? மாவைத் தனியாக ஒரு தட்டில் பரப்பி 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், லேசாக நிறம் மாறும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். பழத்தை மட்டும் 25 நிமிடம் வேகவிட்டு, அதன்மேல் இந்த மாவைத் தூவி மீதி நேரம் வையுங்கள். விருந்தாளிகள் வரும் நாளில் நான் இப்படித்தான் செய்கிறேன்.

வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டுமா, உருக்கிப் போடலாமா?

இரண்டும் நடக்கும், பலன் வேறு. குளிர்ந்த வெண்ணெயைப் பிசிறினால் மாவு பொலபொலவென்று வாயில் கரையும். உருக்கி ஊற்றிக் கிளறினால் கட்டி கட்டியாகச் சேர்ந்து, கடித்தால் கரகரவென்று இருக்கும். ஓட்ஸ் அதிகம் போடுகிற எனக்கு உருக்கியதுதான் பிடிக்கும், வேலையும் குறைவு. எது கூடாதென்றால், அறை வெப்பத்தில் இளகிக் களிம்பு போல் இருக்கும் வெண்ணெய். அது பிசையவும் வராது பிசிறவும் வராது, ஓவனில் உருகி வழிந்துவிடும். பிசிறும்போதே வெண்ணெய் இளகிவிட்டால், கிண்ணத்தோடு 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பால் பொருள் வேண்டாம் என்பவர்கள் தேங்காயெண்ணெய் போடலாம். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர், எண்ணெயில் அது கிடையாது. எனவே 115 கிராமுக்குப் பதில் 95 கிராம் போதும். உப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எந்த ஓட்ஸ்?

ரோல்டு ஓட்ஸ். உடனடியாகக் கரையும் மெல்லிய ரகம் பொடிப்பொடியாகி மாவோடு மாவாகிவிடும், அவசரத்துக்குப் பரவாயில்லை. தட்டையாக்காமல் துண்டாக வெட்டிய ஸ்டீல் கட் ரகம் வேண்டவே வேண்டாம், அது வேகாமல் கல் போல நிற்கும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

பழத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். நன்றாகப் பழுத்த பீச்சுக்கு ஒரு சர்க்கரையும் போடாமலே செய்திருக்கிறேன். மேல் மாவில் மட்டும் யோசித்துக் குறையுங்கள், ஏனென்றால் அங்கே சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. சூட்டில் உருகி, ஆறும்போது இறுகி, மாவை மொறுமொறுப்பாக்குவது அதுதான். கால் பங்கு குறைத்தால் வித்தியாசம் தெரியாது. பாதியாக்கினால் மாவு தூளாகவே நிற்கும். தேன் போன்ற திரவ இனிப்பை முழுக்க மாற்றாகப் போட்டால் மாவு மெத்தென்றாகிவிடும்.

பிரவுன் சுகர் இல்லையென்றால் வெள்ளைச் சர்க்கரை போதும். கொஞ்சம் கூடுதலாகவே மொறுமொறுப்பு வரும், அந்தக் கேரமல் வாசனை மட்டும் குறையும்.

மைதா வேண்டாம் என்றால்? கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

முழு கோதுமை மாவை அப்படியே மாற்றிப் போடலாம். இங்கே மாவு எழும்ப வேண்டியதில்லை, அதனால் தைரியமாக மாற்றலாம். குளூட்டன் கூடாதவர்களுக்குப் பாதாம் மாவு நன்றாக வரும், சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஒரு கண் வைத்திருங்கள். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ஆனால் ஆலையில் கோதுமையோடு கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவருக்குச் செய்தால் குளூட்டன் இல்லை என்று குறிப்பிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். நோய் உள்ளவர்களில் சிலருக்குச் சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது, அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த பழம் போடலாமா?

தாராளமாக. பெர்ரியை உருகவிட வேண்டாம், உறைந்தபடியே ஸ்டார்ச்சில் புரட்டிப் போடுங்கள். ஸ்டார்ச் அரை டேபிள்ஸ்பூன் கூடுதலாக, நேரம் 10 முதல் 15 நிமிடம் கூடுதலாக. ஒரு எச்சரிக்கை: உறைந்த பழம் போட்ட கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடலாம். உலோகப் பாத்திரம் எடுங்கள்.

உலோகம் என்றால் எதுவும் பரவாயில்லையா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எனாமல் பூசியது, நான்ஸ்டிக் எல்லாம் சரி. பூச்சில்லாத அலுமினியத்திலும், சரியாகப் பழகாத இரும்புச் சட்டியிலும் புளிப்புப் பழம் உலோக வாடை பிடிக்கும். எதுவானாலும் விளிம்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டராவது இடம் விடுங்கள், அடியில் ஒரு தட்டும் வையுங்கள். ஓவன் தளத்தில் கருகிய சர்க்கரைப் பாகைச் சுரண்டிய அனுபவம் ஒருமுறை போதும்.

ஓவன் இல்லை. வேறு வழி?

ஏர் ஃப்ரையரில் சிறிய பாத்திரத்தில் 160 டிகிரியில் வைக்கலாம். காற்று வேகமாக அடிப்பதால் ஓட்ஸ் பறக்கும், மாவை கட்டி கட்டியாகப் பிடித்துப் போடுங்கள். சாதாரண மைக்ரோவேவில் பழம் வேகும், மாவு சிவக்காது. சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் அந்த முறையில் வைக்கலாம்.

அடுப்பிலேயே செய்வதானால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். பழத்தைச் சர்க்கரை, எலுமிச்சையோடு மூடி போட்டு மிதமான தீயில் குழைய வேகவைத்து, தண்ணீரில் கரைத்த கார்ன்ஃப்ளார் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். மேல் மாவை அகன்ற வாணலியில், சிறு தீயில், கைவிடாமல் 10 நிமிடம் வறுங்கள். மைதாவின் பச்சை வாசனை போக வேண்டும். பரிமாறும்போது கிண்ணத்தில் பழம், அதன்மேல் மாவு. ஓவனில் செய்தது போல இருக்காது, ஆனால் மொறுமொறுப்பில் சில சமயம் அதை மிஞ்சிவிடும்.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

மேல் மாவைப் பிசிறி, காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். உருகவிடாமல் நேராகப் பழத்தின்மேல் தூவலாம். பழத்தைச் சர்க்கரையில் புரட்டிவைத்து இரவெல்லாம் விடாதீர்கள். காலையில் பாத்திரம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வெந்த கிரிஸ்பை உறையவைப்பதும் எனக்குப் பிடித்தமில்லை. கார்ன்ஃப்ளாரில் கெட்டியான சாறு உறைந்து உருகும்போது தண்ணீர் விட்டுவிடும்.

மீந்துவிட்டால்?

முழுதாக ஆறியபின் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மாவு நமத்துவிடும், அது தவிர்க்க முடியாதது. மைக்ரோவேவில் சூடாக்கினால் இன்னும் நமக்கும். 180 டிகிரி ஓவனில், மூடாமல், 15 நிமிடம் வைத்தால் பெரும்பகுதி மீண்டு வரும்.

ஐஸ்கிரீம் கட்டாயமா?

கட்டாயமில்லை. சூடும் குளிர்ச்சியும் சேர்வதுதான் அதன் சுகம், வெனிலாவைத் தவிர வேறு எதுவும் பழத்தோடு சண்டை போடும். புளிப்பில்லாத கெட்டித் தயிரும் நன்றாகப் பொருந்தும். மறுநாள் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சூடாக்காமல், அதே தயிரோடு சாப்பிடுவதும் உண்டு. அப்போது யாரும் மொறுமொறுப்பைப் பற்றிக் கேட்பதில்லை.